பெலும் குகைக்கு இரண்டு டிக்கெட்

ஜனவரி 3, புதன்

கம்பெனியில் கொடுத்த புது வருஷ டைரியை இவர் இன்றுதான் கொண்டுவந்து கொடுத்தார். முதல் பக்கத்தில் இருந்த கட்டங்களை நிரப்பினேன். பெயர்: வளர்மதி. வேலை: அங்கன்வாடி டீச்சர். ஊர்: அரியலூர் பக்கம். கணவர்: கலியபெருமாள், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டம்பர் ஓட்டுநர். மகள்: அருள்மொழி, தஞ்சாவூரில் நர்சிங் இரண்டாம் வருஷம். 'ஆபத்து நேரத்தில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்' என்று ஒரு கட்டம். இவர் பெயரை எழுதினேன். வேறு யாரை எழுதுவது?

இந்த வாரம் இவருக்கு ராத்திரி ஷிப்ட். இட்லியும் மிளகாய்ப் பொடியும் கட்டிக் கொடுத்தேன்.

ஜனவரி 4, வியாழன்

காலையில் இவர் வர நேரமாகிவிட்டது. டம்பரின் பக்கவாட்டுக் கண்ணாடி ஒரு தூணில் இடித்து உடைந்துபோயிற்றாம். "பனி, ஒண்ணுமே தெரியல" என்றார். மார்கழிப் பனி, குழிக்குள் இன்னும் அதிகமாகத்தான் இருக்கும். வெடி வைத்து உடைத்த கல்லை அந்தக் குழியிலிருந்து மேலே நொறுக்கும் ஆலைக்கு ஏற்றிக்கொண்டு வருவதுதான் இவர் வேலை. வண்டி ஒரு வீட்டு உயரம் இருக்கும். அதில் ஒரு கண்ணாடி உடைவது பெரிய விஷயமில்லை.

சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜனவரி 7, ஞாயிறு

கொல்லைப்புறம் சுத்தம் செய்தேன். வழியில் கிடந்த உரலை ஓரமாகத் தள்ளினேன். தண்ணீர்க் குடங்களையும் வழியிலிருந்து எடுத்துவிட்டேன். கூடத்தில் புது பல்பு மாட்டினேன், பெரிய வாட்ஸ். படிக்கட்டின் விளிம்பில் மட்டும் வெள்ளை பெயிண்ட் அடித்தேன். பொங்கல் வருகிறதல்லவா. பக்கத்து வீட்டு மல்லிகா கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன். "விளிம்புல மட்டுமா அடிப்பாங்க?" என்று கேட்டாள். பெயிண்ட் அவ்வளவுதான் இருந்தது என்றேன்.

ஜனவரி 10, புதன்

இவர் திருச்சிக்குப் போய்விட்டு வந்தார். கூட வேலை பார்க்கிறவரின் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். திரும்பி வரும்போது கூலிங் கிளாஸ் போட்டிருந்தார். கழற்றச் சொன்னேன். இரண்டு கண்ணிலும் பாப்பா பெரிதாக விரிந்து, வெளிச்சம் பட்டாலே கூசுகிறது. பஸ்ஸில் தூசி விழுந்துவிட்டது என்றார். இரண்டு கண்ணிலுமா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

அந்த அம்மாவுக்கு என்ன உடம்பு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, "சக்கரை" என்றார். பெயர் கேட்டேன், தெரியவில்லை. எல்லார் அம்மா பெயரும் எல்லாருக்கும் தெரியுமா என்ன?

ஜனவரி 11, வியாழன்

பிள்ளைகள் பத்தொன்பது பேர் வந்தார்கள். முட்டை கொடுத்தாயிற்று. எடை எடுக்கும் மெஷின் ரிப்பேர்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். அருள் லீவுக்கு வந்திருக்கிறாள். விடிவதற்கு முன்னாலேயே வாசலில் பெரிய கோலம் போட்டு, கலர் பொடி எல்லாம் தூவி முடித்தோம். இவர் உள்ளிருந்து வந்து நேராக அதன் மேலேயே நடந்துபோனார். நடுவில் போட்டிருந்த பானை அழிந்துவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு கோலத்தையும் மிதித்தவரில்லை. ஒற்றை இழைக் கோலமாக இருந்தால்கூட சுற்றிக்கொண்டு போவார்.

அருள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அடுப்படியில் என்னிடம், "அப்பாவுக்குக் கண்ணு செக் பண்ணீங்களாம்மா? டம்ளர நீட்டுனா பக்கத்துல கைய வீசித் தேடுறாரு" என்றாள்.

"கண்ணாடி மாத்தணும். அவ்ளோதான்" என்றேன். பால் பொங்கிற்று. குலவை போட்டோம்.

ஜனவரி 17, புதன்

இன்று நடந்ததைக் கொஞ்சம் விவரமாக எழுத வேண்டும். அருளை பஸ் ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். இவர் போனை நீட்டி ஒரு படம் காட்டினார். மஞ்சள் வெளிச்சத்தில் கல் எல்லாம் மெழுகு வழிந்தமாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கோயில் என்று நினைத்தேன்.

"பெலும் குகை. ஆந்திராவுல, தாடிபத்ரிக்குப் பக்கத்துல. இதுவும் சுண்ணாம்புக் கல்லுதான், தெரியுமா? நாம வெடி வச்சு உடைக்கிறோமே, அதே கல்லு. தண்ணி ஓடி ஓடி அதுவா குகை ஆயிருக்கு."

"அதுக்கு?"

"போலாமா? நம்ம கல்யாண நாள் இருபத்தேழு சனிக்கிழமை வருது. முன்னாடி ரெண்டு நாளும் லீவு."

இந்த இருபத்தோரு வருஷத்தில் நாங்கள் போனதெல்லாம் சமயபுரம், வேளாங்கண்ணி, சாவுக்கு விழுப்புரம். ஊர் சுற்றிப் பார்க்க என்று ஒரு தடவையும் போனதில்லை. ஏன் திடீரென்று என்றேன்.

"இருபத்திரண்டு வருசமா அந்தக் கல்ல உடைச்ச எடத்துலயே கெடக்கேன். உடைக்காம உட்டா அது எப்படி இருக்கும்னு பாக்க வேணாமா? பாக்கறப்பவே பாத்துறணும் வளரு."

பாக்கறப்பவே என்று ஏன் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. போகலாம் என்றேன்.

ஜனவரி 22, திங்கள்

ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று. குடியரசு தினக் கொடியேற்றத்துக்கு ஆயா இருந்து பார்த்துக்கொள்வார், சூப்பர்வைசர் மேடத்திடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டேன். மல்லிகா, "டீச்சர் தேன்நிலவா?" என்று கேட்டாள். வயசான காலத்தில் பேச்சைப் பார்.

டார்ச் ஒன்று வாங்கினேன். பிறகு, பெரியதாக இன்னொன்று.

ஜனவரி 25, வியாழன்

தைப்பூசம். மத்தியானம் ரயில் ஏறி இருட்டுவதற்குள் சென்னை வந்துவிட்டோம். எழும்பூரில் லாட்ஜ். கட்டில் சத்தம் போடுகிறது.

ஜனவரி 26, வெள்ளி

பகல் முழுக்க ரயில். ரேணிகுண்டா தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே சிவப்பு மண், பாறை, அப்புறம் கறுப்புக் கல்லைப் பலகை பலகையாக அடுக்கிய வேலிகள். இவர் ஜன்னலை விட்டு நகரவில்லை. "பாரு, வேலிக்கே கல்லு. இந்த ஊர்ல முள்ளே கெடைக்காது போல" என்றார். ஒரு சிமெண்ட் ஆலையின் புகைக்கூண்டைக் கண்டதும், அத்தை வீட்டைக் கண்டவர்மாதிரி சிரித்தார். இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. ஷிப்ட் மாறி மாறி வருகிறவரோடு இருபது வருஷம் குடித்தனம் நடத்தியும், பகலில் இவர் முகத்தை இத்தனை மணி நேரம் ஒரே மூச்சில் பார்த்தது இன்றைக்குத்தான்.

தாடிபத்ரியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பிளாட்பாரத்தில் வெளிச்சம் குறைவு. எல்லாரும் இறங்கட்டும் என்று இவர் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் இறங்கி இரண்டு பையையும் வாங்கிக்கொண்டேன். இவர் கம்பியைப் பிடித்துக் காலால் படியைத் தேடித் தேடி இறங்கினார். ரயில் படி உயரம்தான், எல்லாருக்கும் சிரமம்.

அப்புறம் நான் முன்னால் நடந்தேன். செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டே நடந்தேன். அப்படி நடக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ஆனால் புது ஊர், கூட்டம் வேறு. சத்தம் கேட்டால் பின்னால் வருகிறவருக்கு வசதி.

ஜனவரி 27, சனி

கல்யாண நாள். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இவர் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். நடந்ததை என்றேன். "எல்லாத்தையும் எழுது" என்றார். எழுதுகிறேன்.

காலையில் ஆட்டோ பேசிக்கொண்டு போனோம். வழியெல்லாம் தட்டையான கரட்டு நிலம். மலையே இல்லாத இடத்தில் எங்கே குகை இருக்கப்போகிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். ஒரு மேட்டில் பெரிய வெள்ளைப் புத்தர் சிலை. அதைத் தாண்டிப் போனால் வெட்டவெளியில் தரையில் ஒரு பெரிய குழி. அதற்குள் படி இறங்குகிறது. குகை மலையில் இல்லை, காலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு டிக்கெட் வாங்கினோம்.

வழிகாட்டியாக வந்தவர் பெயர் ஓபுலேசு. ஐம்பது வயதிருக்கும். கோயம்பேட்டில் ஆறு வருஷம் மூட்டை தூக்கினாராம், தமிழ் தெரிகிறது. "வாங்கம்மா, வாங்க சார். உள்ள சூடு இருக்கும். வேர்த்தா பயப்படக் கூடாது."

வெளியே கண்ணைக் குத்துகிற வெயில். அதிலிருந்து படியில் பத்து இருபது இறங்கியதும் நிழல் வந்தது. அடுத்த வளைவில் மஞ்சள் விளக்கு. எனக்கே கொஞ்ச நேரம் ஒன்றும் தெரியவில்லை, பிறகு பழகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் இவர் மேல் படியிலேயே நிற்கிறார். கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். என் கண் பழகிய அந்த வெளிச்சத்தில் இவர் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் பக்கம்தான் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"நீ போயிப் பாத்துட்டு வா வளரு. எனக்கு மூச்சு முட்டுது. நான் இப்படியே உக்காந்துருக்கேன்."

மேலே போய் அவர் பக்கத்தில் நின்றேன். "மூச்சு முட்டுதா?"

"ஆமா."

"மூச்சு நல்லாத்தான் வாங்குறீங்க."

பின்னால் ஒரு குடும்பம் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஒரு குழந்தை உள்ளே வர மாட்டேன் என்று அழுதது.

"கண்ணு தெரியலன்னு சொல்லுங்க" என்றேன்.

இந்த வார்த்தையை நான் எங்கேயும் சொன்னதில்லை. இந்த டைரியிலும் எழுதவில்லை. திருப்பிப் பார்த்தேன், பனி என்றும் தூசி என்றும் பொங்கலுக்குப் பெயிண்ட் என்றும் எழுதி வைத்திருக்கிறேன்.

இவர் கம்பியை விடவில்லை. "எப்பலேர்ந்து தெரியும் ஒனக்கு?"

"மொதல்ல எறங்குவோம். ஆளுங்க வராங்க. என் தோள்ல கைய வைங்க."

வைத்தார். முதலில் விரல் நுனி மட்டும், அப்புறம் முழுக் கையும். கனமான கை. ஓபுலேசு கீழே நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் டார்ச்சை எடுத்து இவர் காலடிக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டார். அதற்குப் பிறகு குகை முடிகிற வரைக்கும் அந்த வட்டத்தை அவர் வேறெங்கும் திருப்பவே இல்லை.

உள்ளே ஒரு ஊரே இருக்கிறது. தெருமாதிரி நீளமாக வழி போகிறது. சில இடம் கல்யாண மண்டபம் அகலம், சில இடம் இடுப்பை வளைத்துத்தான் போக வேண்டும். "தல, தல" என்று ஓபுலேசு சொல்லும்போதெல்லாம் நான் பின்னால் கையை நீட்டி இவர் தலையை அமுக்கினேன். வியர்வை ஊற்றியது.

"என்ன தெரியுது?" என்றார் இவர்.

அங்கன்வாடியில் நான் தினமும் படம் காட்டிக் கதை சொல்கிறவள். யானை எங்கே இருக்கு, அதன் காதுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று சொல்லிப் பழக்கம். அப்படியே சொன்னேன். மேலேயிருந்து ஆலமரத்து விழுது மாதிரி கல் இறங்குகிறது. இடது பக்கம் ஆயிரம் பாம்பு படம் எடுத்தமாதிரி ஒரே கூரை. கீழே சின்னச் சின்ன லிங்கம், முளைத்த காளான்மாதிரி. சுவரில் வரி வரியாக, துணி மடித்து வைத்தாற்போல்.

"நிறம்?"

"விளக்கு மஞ்சளா இருக்கு. விளக்கு இல்லாத எடத்துல சாம்பல்."

"சாம்பல்தான். ஈரமா இருந்தா கொஞ்சம் நீலம் தட்டும்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையை என் தோளிலிருந்து எடுத்துச் சுவரில் வைத்தார். மேலும் கீழுமாகத் தடவினார். உள்ளங்கையால், பிறகு புறங்கையால். "வழவழன்னு இருக்கு வளரு. இங்க பாரு, இந்த எடத்துல குழிஞ்சு போவுது. தண்ணி இப்படிப் போயிருக்கு, இப்படித் திரும்பியிருக்கு." என் கையைப் பிடித்து அந்தக் குழிவில் வைத்தார். அவர் சொல்கிறவரை எனக்கு அது தெரியவில்லை. "நம்ம குழியில கல்லத் தொட்டா கத்திமாதிரி கையக் கிழிக்கும். வெடிச்ச கல்லு. அதே கல்லுதான் இது."

ஓபுலேசு, "சார் கல்லு வேலையா?" என்றார்.

"டம்பர் ஓட்றேன். சுண்ணாம்புக்கல் மைன்ஸ்."

"அப்போ உங்களுக்கு நான் என்ன சொல்றது? நீங்க எனக்குச் சொல்லுங்க." அவர் ஒரு தொங்கு கல்லை விரல் முட்டியால் தட்டினார். வெண்கலப் பாத்திரம் போல் சத்தம் வந்தது. பக்கத்துக் கல்லைத் தட்ட, வேறு சத்தம். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "உள்ள வெடிப்பே இல்ல, அதான் இந்தச் சத்தம்" என்றார். ஓபுலேசு இன்னொரு தடவை தட்டினார்.

கடைசியில் இன்னும் கீழே இறங்கி பாதாளகங்கை என்கிற இடம். தண்ணீர் ஓடுகிற சத்தம். கொஞ்சம்போலத்தான் ஓடுகிறது, எங்கே போகிறது என்று தெரியவில்லை. அங்கே இவர் குந்தி உட்கார்ந்து கையை நனைத்து முகத்தில் அடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் முகத்திலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஓபுலேசைப் பார்த்தேன். அவர் டார்ச்சை அணைத்துவிட்டு அடுத்த வளைவுக்குப் போய் நின்றுகொண்டார்.

வெளியே வந்தபோது மத்தியானம். மரத்தடியில் சிமெண்ட் பெஞ்சு. இவர் வெயில் படுகிற பக்கமாக உட்கார்ந்தார். அங்கேதான் எல்லாம் சொன்னார்.

திருச்சியில் யாருடைய அம்மாவும் ஆஸ்பத்திரியில் இல்லை. இவர்தான் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டு வருகிறதாம். முதலில் இருட்டில் தெரியாது. அப்புறம் பக்கவாட்டில் தெரியாது. குழாய் வழியாகப் பார்க்கிறமாதிரி நடுவில் மட்டும் மிஞ்சும். எத்தனை வருஷத்துக்கு என்று சொல்ல முடியாது. மருந்து கிடையாது. இது பரம்பரையாகவும் வரலாம்.

"டாக்டர்கிட்ட, பொண்ணு இருக்கான்னு சொன்னேன். அவளையும் கூட்டிட்டு வா, பாத்துருவோம்னாரு. பஸ் ஸ்டாண்டுக்கு எப்படி வந்தேன்னே தெரியல. அவளுக்கும் இருந்தா? இல்லைனாலும், அப்பனுக்கு இப்படின்னு தெரிஞ்சா எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

"அன்னிக்குக் கண்ணாடி ஒடைஞ்சுதே, அது பனியா?"

தலையை ஆட்டினார். "மேல கல்லக் கொட்ற எடத்துல ரிவர்ஸ் எடுக்கணும். பழனிமுத்துன்னு ஒருத்தன் நின்னு டார்ச் காட்டுவான். டார்ச் வெளிச்சம் தெரிஞ்சுது. ஆளு தெரியல. பக்கவாட்டுல வந்துட்டான் போல. கத்துற சத்தம் கேட்டுத்தான் ஸ்டீரிங்க ஒடிச்சேன், தூண்ல இடிச்சுது. அவன் குதிச்சுட்டான். ஒரு சாண், வளரு. ஒரு சாண் தப்பியிருந்தா..."

"அவரு என்ன சொன்னாரு?"

"எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டுச் சிரிச்சான். 'என்னண்ணே, தூங்கிட்டீங்களா'ன்னான். யாருகிட்டயும் சொல்லல அவன்."

இப்போது என் முறை என்று தெரிந்தது. அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். "தீபாவளிலேர்ந்து எனக்குத் தெரியும். அருளு பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தா, நீங்க 'அருளு எங்கடி'ன்னு கேட்டீங்க. அன்னிக்கே தெரியும். தெரிஞ்சுதான் தெனமும் ராத்திரி ஷிப்டுக்கு டிபன் கட்டிக் குடுத்தேன். அந்த ஆளு செத்திருந்தா அதுல எனக்கும் பாதி."

"ஏன் கேக்கல நீ?"

"கேட்டா நீங்க ஆமான்னு சொல்லிடுவீங்கள்ல."

இவர் பெஞ்சின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "திங்கக்கெழம மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்" என்றார். ஓபுலேசு இரண்டு டீ வாங்கிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் வைத்துவிட்டுப் போனார்.

ஜனவரி 28, ஞாயிறு

திரும்பும் ரயில். இவர் ஜன்னல் பக்கம் உட்காரவில்லை, எனக்குக் கொடுத்துவிட்டார். நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஜனவரி 29, திங்கள்

காலையில் அங்கன்வாடி திறந்ததும் ஒருவர் மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். தினமும் வருகிறவர்தான். குழந்தை பெயர் நிவேதிகா, மூன்றரை வயது, முட்டையில் மஞ்சள் கரு மட்டும் சாப்பிடுவாள். அப்பா பெயர் என் பதிவேட்டில் இருக்கிறது. பழனிமுத்து. நான் எத்தனையோ தடவை எழுதிய பெயர். சனிக்கிழமை அந்தப் பெஞ்சில் இந்தப் பெயரைக் கேட்டபோது எனக்குத் தோன்றவில்லை என்று இங்கே எழுத முடியாது. தோன்றியது. வேறு பழனிமுத்துவாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"நீங்க மைன்ஸ்லயா இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆமா டீச்சர். அண்ணன் வண்டிக்கு டார்ச் காட்டுறது நான்தான். ஊருக்குப் போனீங்களாமே, நல்லா சுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தோம்" என்றேன். குழந்தையை வாங்கிக்கொண்டேன். அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

ஆயாவிடம் சொல்லிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். இன்று இவருக்கு இரண்டு மணி ஷிப்ட், ராத்திரி பத்து வரை. ஆறு மணிக்கே இருட்டிவிடும். யூனிபார்ம் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மேனேஜர்கிட்ட..." என்றேன்.

"சொல்றேன். இந்த ஒரு வாரம் ஓடட்டும். ஆள் கொறச்சல், இப்பப் போயி நின்னா நல்லா இருக்காது. மெதுவா ஓட்டிக்கிறேன். டிபனக் கட்டு."

நான் அடுப்படிக்குப் போகவில்லை.

"பழனிமுத்து மக என்கிட்டதான் வருது. நிவேதிகா. இன்னிக்கு என் கழுத்தக் கட்டிக்கிச்சு."

இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க வண்டியில ஏறுனா நானே போய் மேனேஜர்கிட்ட சொல்லிடுவேங்க."

"புருசன் பொழப்புக்கு வேட்டு வைக்கிறியா?" குரல் உயர்ந்தது. மல்லிகா வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஆமா" என்றேன்.

இவர் எழுந்து வாசல் வரை போனார். திரும்பி வந்தார். தொப்பியை எடுத்தார், வைத்தார். அடிப்பாரோ என்று பயமில்லை, அவர் அப்படிப்பட்டவரில்லை. அழுதுவிடுவாரோ என்றுதான் பயம். அழவில்லை.

"நீயும் வா" என்றார்.

என் ஸ்கூட்டியில் போனோம். இவ்வளவு நாளில் இவர் என் பின்னால் உட்கார்ந்ததில்லை. அறுபது டன் ஏற்றுகிறவர் இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்து வந்தார். கேட்டில் செக்யூரிட்டி எழுந்து நின்று பார்த்தார்.

மேனேஜர் சின்ன வயதுக்காரர். உட்காரச் சொன்னார். இவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்றாம் தேதி ராத்திரி நடந்ததையும் சொன்னார். பழனிமுத்து பெயரைச் சொல்லி, "அவன் மேல தப்பில்ல சார், சொல்லாம மறச்சது நான்தான்" என்றார். அடுத்த மருத்துவப் பரிசோதனை வரும் வருஷம்தான், அதுவரை யாருக்கும் தெரிந்திருக்காது. மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"இன்னிலேர்ந்து வண்டியில ஏற வேணாம் அண்ணே" என்றார். "மிச்சத்த டாக்டர் ரிப்போர்ட் வந்ததும் பேசுவோம். விசாரணை இருக்கும்."

வெளியே வந்ததும் இவர் லாக்கர் சாவியைக் கொடுக்க மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிப் போனார். நான் வெயிலில் நின்றேன். குழியிலிருந்து ஒரு டம்பர் மேலே ஏறி வந்தது, வேறு யாரோ ஓட்டினார்கள்.

ஜனவரி 30, செவ்வாய்

வீட்டிலேயே இருந்தார். சாப்பிட்டார்.

பிப்ரவரி 5, திங்கள்

கம்பெனி டாக்டரும் அதையேதான் சொன்னார். விசாரணையில் எழுத்துமூலமாக ஒரு எச்சரிக்கை கொடுத்தார்கள். இப்போதைக்குப் பகல் ஷிப்டில் ஸ்டோரில் போட்டிருக்கிறார்கள். கேட்கிறவர்களுக்கு நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்க வேண்டும். இது நிலைக்குமா என்று தெரியாது. முதல் நாள் வந்ததும், "எல்லாம் ஒரு அறைக்குள்ளயே வளரு, வானமே தெரியல" என்றார். முகம் கழுவப் போனவர் வெகுநேரம் குழாயை நிறுத்தவில்லை. நான் கதவைத் தட்டவில்லை.

பிப்ரவரி 10, சனி

அருளைத் திருச்சியில் காட்டினோம். முதலில் எங்களோடு பேசவே மாட்டேன் என்றாள். "நர்சிங் படிக்கிறேன்மா நானு. என்கிட்டயே கண்ணாடி மாத்தணும்னு சொன்னீங்க." அழுதாள். இரண்டு கண்ணிலும் மருந்து விட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் வைத்திருந்தார்கள். வராந்தாவில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். இவர் கை என் கை மேல் இருந்தது.

இப்போதைக்கு அவளுக்கு ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும்.

வெளியே வந்து ஹோட்டலில் மூன்று பேரும் பரோட்டா சாப்பிட்டோம். அருள் தன் தட்டிலிருந்து பாதியை அப்பா தட்டில் வைத்து, "நடுவுல வச்சிருக்கேன்பா" என்றாள். இவர் சிரித்தார்.

பிப்ரவரி 11, ஞாயிறு

மாவு அரைக்க மறந்துவிட்டேன், கடையில் வாங்கலாம் என்று கிளம்பினேன். விளக்கு வைக்கிற நேரம். "நானும் வரேன்" என்றார். இப்போதெல்லாம் இருட்டினால் வீட்டை விட்டு இறங்காதவர். எங்கள் தெருவில் இரண்டு விளக்குதான் எரியும். படி இறங்கியதும் என் முழங்கைக்கு மேலே பிடித்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. இந்தத் தெருவில் நாங்கள் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில்கூட நடந்ததில்லை, அவர் முன்னால் போவார், நான் பத்தடி பின்னால்.

டீக்கடையில் இவர் கூட்டாளிகள் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாம் வண்டி ஓட்டுகிறவர்கள். பெஞ்சில் பழனிமுத்துவும் இருந்தார். கம்பெனியில் வேலை மாற்றியது எல்லாருக்கும் தெரியும். முதுகு வலி என்று இவர் சொல்லி வைத்திருப்பதாக எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் ஒருவர் கேட்டார்: "என்னண்ணே, முதுகு எப்படி இருக்கு? அண்ணி கையப் புடிச்சிக்கிட்டு வரீங்க, புது மாப்ள கணக்கா!"

சிரித்தார்கள். நான் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன். இவர் விடவில்லை. நின்றார்.

"முதுகு நல்லாருக்கு. கண்ணு தெரியல எனக்கு" என்றார். "இருட்டுனா சுத்தமா தெரியாது. அதான் புடிச்சிக்கிட்டு வரேன்."

சிரிப்பு நின்றுவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையும் நின்றது. அப்புறம் பழனிமுத்து எழுந்தார். பெஞ்சில் இருந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "இங்க வாங்கண்ணே. மூணு எட்டு நேரா. அப்படியே கொஞ்சம் வலது பக்கம்" என்றார்.

இவர் என் கையை விட்டுவிட்டு நடந்தார். மூன்று எட்டு நேராக. அப்புறம் வலது பக்கம்.

நான் மாவு வாங்கப் போனேன்.